லாரன்ஸில் ஒரு மார்ச் மாதம்

மார்ச் 5, 2022, சனி

தொண்டை கட்டிவிட்டது. உப்புப் போட்ட வெந்நீரில் கொப்பளித்துவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். இந்த லாரன்ஸ் ஊரில் இருக்கிற கான்சஸ் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து டீமுக்கு இந்த சீசனில் சொந்த மைதானத்துக் கடைசி ஆட்டம் இன்று. ஓவர்டைம் வரை இழுத்து, டெக்ஸஸை 70-63 என்று வென்றோம்.

எங்கள் அரங்கம் ஆலன் ஃபீல்ட்ஹவுஸ், 1955-இல் திறந்த கட்டடம். 16,300 பேர் உட்காரலாம். நல்ல இடம் வேண்டுமென்றால் மாணவர்கள் குழுவாகப் பெயர் கொடுத்து, ஆட்டத்துக்குப் பல நாள் முன்பிருந்தே முறை வைத்துக் காத்துக் கிடக்க வேண்டும். பெயர் கூப்பிடும்போது குழுவில் ஒருவர்கூட இல்லையென்றால் அந்தக் குழு பட்டியலிலிருந்து போய்விடும். என் முறையில் ஆய்வுக்கட்டுரையின் ஒரு பாகத்தையே திருத்தி முடித்தேன்.

எதிரணியை அறிமுகம் செய்யும்போது மாணவர்கள் எல்லாரும் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார்கள். நம் ஆட்கள் பெயர் வந்ததும் அதே தாள் துண்டு துண்டாகக் காற்றில் பறக்கும். இன்று வீட்டுக்கு வந்து தலை வாரும்போது சீப்பில் இரண்டு துண்டு சிக்கின. ஒன்றில் பாதி வானிலை அறிக்கை இருந்தது.

வெற்றி உறுதி என்று தெரிந்ததும் அந்தக் கோஷம் வரும். "ராக் சாக், ஜேஹாக், கே யூ." ஜேஹாக் என்பது எங்கள் டீமின் பட்டப்பெயர், கே யூ என்பது பல்கலைக்கழகத்தின் சுருக்கப்பெயர். கத்தல் இல்லை. கோயிலில் கூட்டாக ஓதுவது போல, மெதுவாக, இழுத்து. 1886-இல் பெய்லி என்ற வேதியியல் பேராசிரியர் தங்கள் அறிவியல் சங்கத்துக்காக உருவாக்கியது. முதலில் "ரா ரா" என்றுதான் இருந்ததாம். பல்கலைக்கழகம் நிற்கிற ஓரியட் குன்றின் சுண்ணாம்புக்கல் பிறகுதான் அதில் ஏறி "ராக் சாக்" ஆனது. கூடைப்பந்து என்ற விளையாட்டைவிட இந்தக் கோஷத்துக்கு ஐந்து வயது அதிகம்.

அப்புறம் கோதுமை. எல்லாரும் இரண்டு கையையும் தூக்கி இடமும் வலமுமாக ஆட்டுவார்கள், கதிர் முற்றிய வயலில் காற்று அடிக்கிற மாதிரி. நெல் வயலைப் பார்த்து வளர்ந்தவள் நான். முதல் வருடம் இதைப் பார்த்தபோது சட்டென்று கண் கலங்கிவிட்டது.

ஆட்டம் முடிந்தும் யாரும் எழுந்து போகவில்லை. படிப்பை முடித்துக் கிளம்பும் வீரர்கள் ஒவ்வொருவராக மைக்கைப் பிடித்து அம்மா, அப்பா, கோச், நண்பர்கள் என்று நன்றி சொல்வது இங்கே வழக்கம். பேசுகிறவருக்குக் குரல் உடையும்போது மொத்த அரங்கமும் கைதட்டித் தாங்கிப் பிடிக்கிறது.

மார்ச் 6, ஞாயிறு

டெப்ரூஸ் மையத்துக்குப் போனேன். ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891 டிசம்பரில் மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில் தட்டச்சு செய்யவைத்த, கூடைப்பந்தின் முதல் 13 விதிகளும் இங்கேதான் இருக்கின்றன. இரண்டே தாள். இந்தப் பல்கலைக்கழகத்தில் படித்த டேவிட் பூத் 2010-இல் 43 லட்சம் டாலருக்கு ஏலத்தில் எடுத்துக் கொடுத்தது. மூன்றாம் விதியில் வெகுநேரம் நின்றேன்: பந்தோடு ஓடக் கூடாது, பிடித்த இடத்திலிருந்தே எறிய வேண்டும். தட்டிக்கொண்டு ஓடுவதெல்லாம் பிறகு வந்து சேர்ந்தவை.

அந்த நெய்ஸ்மித்தே 1898-இல் லாரன்ஸுக்கு வந்து இந்த டீமின் முதல் கோச் ஆனார். 55 வெற்றி, 60 தோல்வி. இத்தனை வருட வரலாற்றில் ஜெயித்ததைவிடத் தோற்றது அதிகம் என்றிருக்கும் ஒரே கோச், விளையாட்டைக் கண்டுபிடித்தவர்தான்! அவருக்கு இது உடற்பயிற்சி, நல்ல நடத்தைக்கான பழக்கம். கோச்சிங் ஒரு தொழிலாகும் என்றே அவர் நினைக்கவில்லை. அதைத் தொழிலாக்கிக் காட்டியவர் அவருடைய மாணவர் ஃபாக் ஆலன். 39 சீசன், 1952-இல் தேசிய சாம்பியன் பட்டம். அரங்கத்துக்கு அவர் பெயர், உள்ளே ஆடுகளத்துக்கு நெய்ஸ்மித் பெயர். குருவைச் சிஷ்யர் சுவர் போலச் சுற்றி நிற்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

மார்ச் 13, ஞாயிறு

இன்று முழுக்க ஜான் மெக்லெண்டன் பற்றிப் படித்தேன். 1930-களில் இங்கே உடற்கல்வி படித்த கறுப்பின மாணவர். நெய்ஸ்மித்திடமே பாடம் கேட்டார். ஆனால் டீமில் ஆட முடியாது, தோல் நிறம்தான் காரணம். 1936-இல் பட்டம் வாங்கிக்கொண்டு வட கரோலினாவுக்குப் போய், வேகமாக ஓடி அடிக்கும் ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தார். 1944-இல் டர்ஹாமில், பூட்டிய கதவுக்குள், டியூக் மருத்துவக் கல்லூரியின் வெள்ளையர் அணியை அவரிடம் பயின்ற கறுப்பின மாணவர்கள் 88-44 என்று வென்றார்கள். வெளியே தெரிந்தால் ஆபத்து என்பதால் ரகசியமாக நடந்த ஆட்டம். பின்னாளில் டென்னஸியில் 1957 முதல் 1959 வரை தொடர்ந்து மூன்று தேசியப் பட்டங்கள்.

கான்சஸின் பெருமை பேசும்போது ஆலனுக்கு அடுத்த மூச்சில் இவர் பெயரும் வர வேண்டும். நெய்ஸ்மித்தின் உண்மையான வாரிசு இவர்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

மார்ச் 25, வெள்ளி

தேசிய சாம்பியன் போட்டியில் பிராவிடன்ஸை 66-61 என்று வென்றோம். மொத்த வெற்றிக் கணக்கில் இன்று கென்டக்கியைத் தாண்டி முதலிடம். அந்தக் கென்டக்கியைப் பெரிய டீம் ஆக்கிய அடால்ஃப் ரப், ஆலனிடம் ஆடியவர். வட கரோலினா பல்கலைக்கழகத்தின் கோச் டீன் ஸ்மித்தும் அப்படியே. யாரோடு மோதினாலும் கடைசியில் சொந்தக்காரர்களாகவே இருக்கிறார்கள்.

ஏப்ரல் 4, திங்கள்

ஃபைனல் வட கரோலினாவோடு. பக்கத்து வீட்டுப் பெரியவர் தன் வீட்டுக்கே வந்து பார்க்கச் சொன்னார். சிறுவனாக 1957 ஃபைனலை ரேடியோவில் கேட்டவர். வில்ட் சேம்பர்லெய்ன் என்ற பெரிய ஆட்டக்காரர் நம் பக்கம் இருந்தும், மூன்று ஓவர்டைமுக்குப் பிறகு, இதே வட கரோலினாவிடம் 54-53. அந்தத் தோல்வியைச் சுமந்துகொண்டு பல வருடம் இந்தப் பக்கமே வராமல் இருந்த வில்ட், 1998-இல் பழைய கல்லூரி ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு அரங்கத்துக்குள் வந்து நின்றாராம். அதைச் சொல்லும்போது பெரியவர் டிவியிலிருந்து கண்ணை எடுத்துவிட்டார்.

ஒரு கட்டத்தில் 16 புள்ளி, பாதி ஆட்டம் முடியும்போது 40-25 என்று பின்தங்கியிருந்தோம். பெரியவர் ஒன்றும் பேசவில்லை, எழுந்து போய்க் காபி போட்டார். இரண்டாம் பாதியில் எல்லாம் மாறியது. கடைசி நிமிடங்களில் நம் மெக்கார்மக் வளையத்தடியில் நின்று இரண்டு கூடை போட்டார். 4.3 விநாடி இருக்கும்போது நம் ஆள் ஹாரிஸின் கால் கோட்டைத் தாண்டிவிட்டது. பந்து அவர்களிடம். மூன்று புள்ளிக்கு எறிந்தார்கள், விழவில்லை. 72-69. ஃபைனலில் 16 புள்ளி பின்தங்கிய எந்த டீமும் அதுவரை மீண்டு வந்ததில்லை.

பெரியவர் நாற்காலியின் கைப்பிடியை விடவே இல்லை. பிறகு மெதுவாக, "ராக் சாக்" என்று ஆரம்பித்தார். நானும் சேர்ந்துகொண்டேன். ஜன்னலுக்கு வெளியே, ஊர் நடுவே இருக்கிற மாசசூசெட்ஸ் தெருவுக்கு ஓடுகிறவர்களின் சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது. "நீ போம்மா" என்கிற மாதிரி கதவைக் காட்டினார். செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன்.