மெகா ஜியோகேச்சிங்: கிளம்புவதற்கு முன் முடிக்க வேண்டிய வேலை

ஒரே நிகழ்ச்சிக்கு 500 பேர் கூடினால் மெகா, 5000 பேர் கூடினால் கிகா. ஜியோகேச்சிங்கில் கணக்கு இவ்வளவுதான். 2003-ல் கென்டக்கியின் லூயிவில் நகரில் தொடங்கிய ஜியோவுட்ஸ்டாக் என்ற கூட்டம் ஊர் விட்டு ஊர் மாறி நடந்துவருகிறது. முதல் கிகா 2014-ல் ஜெர்மனியின் மியூனிக்கில் நடந்தது. விளையாட்டு தெரியாதவர்களுக்கு ஒரு வரி: யாரோ ஒளித்துவைத்த டப்பாவை (அதுதான் கேச்) ஜிபிஎஸ் புள்ளியை வைத்துத் தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் தாளில் பெயர் எழுதி, இருந்த இடத்திலேயே இருந்தபடி வைத்துவிட்டு வர வேண்டும்.

மெகா நடக்கும் ஊரில் கேச்சுக்குப் பஞ்சமே இல்லை. பஞ்சமெல்லாம் நேரத்துக்கும் செல்போன் சிக்னலுக்கும்தான். அதனால் தயாரிப்பு என்றால் பையை நிரப்புவது இல்லை, பட்டியலைக் குறைப்பது. முதல் முறை போகிறவர்கள் டார்ச், கையுறை, காந்தக் குச்சி என்று வாங்கிக் குவிப்பார்கள். போனில் பார்த்தால் அந்த ஊரின் வரைபடம்கூட இறக்கியிருக்காது.

பட்டியலிலிருந்தே தொடங்கலாம். ஜியோகேச்சிங் தளத்தில் பணம் கட்டிய உறுப்பினராக இருந்தால் 'பாக்கெட் குவரி' எடுக்கலாம், அதாவது கேச்சுகளின் பட்டியலை மொத்தமாக இறக்கிக்கொள்ளலாம். ஒரு குவரியில் அதிகபட்சம் 1000 கேச்சுகள். நிகழ்ச்சி நடக்கும் இடத்தை மையமாக வைத்து, பக்கத்திலிருக்கும் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு 1000-ஐ நிரப்பாதீர்கள். ஊருக்குள் நெருக்கமாக இருந்தால் சில கிலோமீட்டருக்குள்ளேயே எண்ணிக்கை தீர்ந்துவிடும். நீங்கள் போக நினைத்த மலையோரக் கேச் பட்டியலிலேயே இருக்காது. இரண்டாகப் பிரிப்பது நல்லது: ஒன்று நிகழ்ச்சித் திடலைச் சுற்றி, இன்னொன்று போகும் பாதையை ஒட்டி. கடைசியாகப் போனவர்கள் கண்டுபிடிக்காமல் திரும்பியவை, பராமரிப்பு வேண்டும் என்று குறிப்பு விழுந்தவை எல்லாவற்றையும் இரக்கமில்லாமல் நீக்குங்கள். சும்மா நாட்களில் காணாமல்போன டப்பாவைத் தேடுவதும் ஒரு சுவைதான். மெகா வார இறுதியில் அதற்கு அரை மணி நேரம் கொடுப்பது வீண்.

புதிர் கேச்சுகளுக்குத் தளத்தில் காட்டுவது போலிப் புள்ளி, புதிரை விடுவித்தால்தான் உண்மைப் புள்ளி கிடைக்கும். அவற்றை வீட்டிலேயே தீர்த்துக்கொள்ளுங்கள். விடையாக வந்த புள்ளியைத் தளத்தில் அந்தக் கேச்சுக்கான பக்கத்திலேயே திருத்திய கோஆர்டினேட்டாகப் பதிந்துவிட்டு, அதன் பிறகுதான் பட்டியலை இறக்க வேண்டும். வரிசை மாறினால் சாதனத்தில் பழைய போலிப் புள்ளியே உட்கார்ந்திருக்கும். அங்கே போய் நின்றால் ஒன்றும் இருக்காது. இறக்கிய பிறகு நாலைந்தைத் திறந்து கண்ணால் சரிபாருங்கள்.

கோஆர்டினேட் எழுதும் முறையில்தான் பலர் சறுக்குவார்கள். இந்த விளையாட்டில் பாகையும் தசம நிமிடமும் சேர்ந்த முறைதான் வழக்கம்: 47° 38.938 என்பதுபோல. இதைத் தசமப் பாகை என்று நினைத்து 47.38938 என்று போட்டால் இருக்க வேண்டிய இடத்துக்கு ஏறத்தாழ 29 கிலோமீட்டர் தெற்கே போய் நிற்பீர்கள். இவ்வளவு பெரிய பிழை உடனே தெரிந்துவிடும் என்பதால் ஆபத்தில்லை. கடைசி இலக்கத்தில் வரும் பிழைதான் வம்பு. 0.001 நிமிடம் என்பது வடக்கு–தெற்கில் 1.85 மீட்டர், சியாட்டில் இருக்கும் அகலாங்கில் கிழக்கு–மேற்கில் 1.25 மீட்டர் போல. நடு இலக்கத்தில் 3-ஐ 8 என்று படித்தால் 50 மீட்டருக்கும் மேல் விலகிவிடும். தேடுகிறவர் தன் தேடலைச் சந்தேகிப்பாரே தவிர, எண்ணைச் சந்தேகிக்க மாட்டார்.

கேச்சின் குறியீட்டை யாராவது கையால் எழுதிக் கொடுத்தால் ஒரு குறுக்குவழி உண்டு. ஜிசி என்று தொடங்கும் குறியீடுகளில் ஐ, எல், ஓ, எஸ், யூ ஆகிய ஆங்கில எழுத்துகள் வருவதே இல்லை. ஆகவே ஓ போலத் தெரிவது பூஜ்யம், எஸ் போலத் தெரிவது 5.

தனி ஜிபிஎஸ் கருவி வைத்திருப்பவர்கள் பழைய ஜிபிஎக்ஸ் கோப்புகளை (கேச் பட்டியல் இருப்பவை) முதலில் அழித்துவிட்டுப் புதியதை ஏற்றுங்கள். இல்லாவிட்டால் எப்போதோ மூடப்பட்ட கேச்சுகளும் திரையில் கலந்து நிற்கும். இன்னொரு சின்ன விஷயம்: கார்மின் கருவிகளில் பேட்டரி வகையைத் தேர்ந்தெடுக்கும் அமைப்பு இருக்கிறது. சார்ஜ் ஏற்றும் நிக்கல் செல்களைப் போட்டுவிட்டு அமைப்பை ஆல்கலைனிலேயே விட்டால் செல் பாதி இருக்கும்போதே தீர்ந்துவிட்டதாகக் காட்டும். போனை மட்டும் நம்புகிறவர்களுக்கு 10,000 மில்லி ஆம்பியர் பவர் பேங்க் ஒன்று போதும். மின்னழுத்தம் மாற்றுவதில் போகும் இழப்பைக் கழித்தால் கைக்கு வருவது மூன்றில் இரண்டு பங்குதான். இன்றைய போனை ஒன்றரை முறை நிரப்பும். அது ஒரு நாளுக்குப் போதும். அதற்கு மேல் சுமப்பது தோளுக்குத்தான் கேடு.

நிகழ்ச்சித் திடலில் ஆயிரக்கணக்கான போன்கள் ஒரே கோபுரத்தைப் பிடித்துத் தொங்கும். சிக்னல் கோடு முழுதாக இருக்கும், பக்கம் மட்டும் திறக்காது. பட்டியல், வரைபடம், கேச் பக்கங்கள், குறிப்புகள் எல்லாவற்றையும் விடுதி வைஃபையிலேயே இறக்கிவிடுங்கள். இதில் மாட்டிக்கொள்வது அட்வென்ச்சர் லேப்: டப்பா இல்லாமல், இடம் இடமாகப் போய்ச் செயலி கேட்கும் கேள்விக்கு விடை சொல்லும் விளையாட்டு. அதன் செயலி இணையம் இல்லாமல் ஓடாது. குறிப்பிட்ட இடத்துக்குப் போனபிறகுதான் கேள்வியையே திறக்கும். பெரும்பாலும் ஐந்து இடங்கள், ஒவ்வொன்றும் ஒரு கண்டுபிடிப்பாகக் கணக்கில் சேரும் என்பதால் எல்லோரும் ஒரே நேரத்தில் அதை மொய்ப்பார்கள். திடலுக்குள் இருக்கும் லேப்களை வெள்ளிக்கிழமை மாலையோ, சனி காலை கூட்டம் சேருமுன்போ முடித்துவிடுவது புத்திசாலித்தனம். வரிசைப்படி மட்டுமே திறக்கும் லேபா, எங்கிருந்தும் தொடங்கலாமா என்பதை முன்பே பாருங்கள். தெரியாமல் கடைசி இடத்திலிருந்து தொடங்கினால் நடந்த தூரம் வீண்.

இனி பை. பென்சில் இரண்டு. மழைக்காலக் கேச்சில் தாள் ஈரமாக இருக்கும். பால்பாயின்ட் வழுக்கும், ஜெல் மை பரவும், பென்சில் எழுதும். கூர்மையான ட்வீசர் ஒன்று: விரல் நுனியளவு நானோ டப்பாவில் சுருட்டி அடைத்த தாளை நகத்தால் இழுத்தால் கிழியும். வெளியே எடுப்பதைவிடத் திரும்பச் சுருட்டி நுழைப்பதுதான் கஷ்டம். ட்வீசரின் ஒரு காலில் தாளின் ஓரத்தைச் செருகி இறுக்கிச் சுற்றிக்கொண்டே வந்தால் மூடிக்குள் போய்விடும். நுனி வெளியே நீட்டிக்கொண்டு மூடியைத் திருகினால் அந்த இடுக்கில் தண்ணீர் ஏறும்; அடுத்து வருகிறவருக்குக் கிடைப்பது கூழ். இவற்றோடு தலையில் மாட்டும் விளக்கு, புற ஊதா டார்ச், ஒரு 9 வோல்ட் பேட்டரி (சில கருவிக் கேச்சுகளுக்கு நாம்தான் மின்சாரம் கொண்டுபோக வேண்டும்), கையுறை, தண்ணீர். போதும். நீட்டி மடக்கும் காந்தக் குச்சியைக் குழுவில் ஒருவர் கொண்டுவந்தால் சரி.

உண்ணி இருக்கும் வட்டாரமாக இருந்தால் உடையையும் பார்க்க வேண்டும். 0.5 சதவீத பெர்மெத்ரின் தெளிப்பை உடைக்கும் காலணிக்கும் மட்டும் முந்தின நாளே அடித்துக் காயவைக்க வேண்டும். அது தோலில் பூசுவதற்கானது அல்ல. பேன்ட் நுனியைக் காலுறைக்குள் செருகுங்கள். பார்க்க அசிங்கமாக இருக்கும்தான். அங்கே வந்திருப்பவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் நிற்பார்கள்.

வாஷிங்டன் மாநிலம் போகிறவர்கள் பலருக்கும் மனதில் இருப்பது ஸ்னோகுவால்மி சுரங்கத்தைத் தாண்டி இருக்கும் பழைய ஏப் கேச். 'பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்' படத்தின் விளம்பரத்துக்காக 2001-ல் வைத்த அந்தத் தொடரில் மிஞ்சியவை மிகக் குறைவு என்பதால் அதற்கு அவ்வளவு மவுசு. ஒரு காலத்தில் ரயில் ஓடிய சுரங்கம், ஏறத்தாழ 3.6 கிலோமீட்டர் நீளம், உள்ளே ஒரு விளக்கும் கிடையாது. ஹயாக் வாகன நிறுத்தத்திலிருந்து போக வர 8 கிலோமீட்டர் ஆகும். வெளியே ஆகஸ்ட் வெயில் கொளுத்தினாலும் உள்ளே குளிரும், கூரையிலிருந்து சொட்டும். ஆகவே ஒரு மேல்சட்டை, ஆளுக்கு ஒரு விளக்கு, குழுவுக்கு ஒரு மாற்று விளக்கு வேண்டும். சைக்கிள்கள் வேகமாக வரும். போன் வெளிச்சத்தை நம்பி நடந்தால் நீங்கள் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. ஜிபிஎஸ் உள்ளே செத்துவிடும். மறுமுனையில் வெளிவந்ததும் அம்புக்குறி காட்டும் திசையை உடனே நம்பாமல் திறந்த வானத்தின் கீழ் ஓரிரு நிமிடம் நில்லுங்கள். குளிர்காலத்தில் சுரங்கத்தை மூடிவிடுவார்கள். வாகன நிறுத்தத்துக்கு மாநிலப் பூங்காக்களின் டிஸ்கவர் பாஸ் வேண்டும். அதை முன்பே வாங்கி வையுங்கள்.

பவர் டிரெயில் போவது தனிக் கலை. ஒரு கேச்சுக்கும் அடுத்ததற்கும் குறைந்தது 161 மீட்டர், அதாவது ஒரு மைலில் பத்தில் ஒரு பங்கு இடைவெளி வேண்டும் என்பது விதி. பவர் டிரெயிலில் அந்தக் குறைந்தபட்ச அளவிலேயே சாலை நெடுக ஃபிலிம் டப்பாக்கள் வரிசை கட்டியிருக்கும். காரில் நாலு பேர் என்றால் ஒருவர் ஓட்ட, ஒருவர் வழி சொல்ல, ஒருவர் இறங்கித் தேட, ஒருவர் தாளில் முத்திரை குத்த. குழுவுக்கு ஒரு பொதுப் பெயரை முன்பே முடிவுசெய்து சின்ன ரப்பர் ஸ்டாம்ப் அடித்துக்கொள்ளுங்கள். ஸ்டிக்கர் வேண்டாம்: பத்துப் பேர் ஒட்டினால் தாள் தடித்து டப்பாவுக்குள் போகாது. ஒளிரும் மேலங்கி இறங்குகிறவருக்கு மட்டும் இல்லை, ஓட்டுகிறவருக்கும் வேண்டும்.

நேரத்தை மிச்சம் பிடிக்க, எடுத்த டப்பாவைக் கையோடு கொண்டுபோய் அடுத்த இடத்தில் வைத்து, அங்கே இருப்பதை எடுத்துக்கொண்டு ஓடும் பழக்கம் சிலருக்கு உண்டு. டப்பா இல்லாத இடத்தில் தாமாகவே புதிதாக ஒன்றைப் போட்டுவிட்டுக் கண்டுபிடித்ததாக எழுதுவதும் நடக்கிறது. இரண்டும் கேச் வைத்தவரின் உழைப்பைக் கெடுப்பவை. உரிமையாளரே அனுமதித்திருந்தால் ஒழிய, இல்லாததை இல்லை என்று பதிவதே முறை.

சனிக்கிழமை எந்தக் கேச்சுக்குப் போனாலும் அங்கே ஏற்கெனவே பத்திருபது பேர் நிற்பார்கள். கூட்டம் நிற்கும் இடத்தில்தான் டப்பா இருக்கும் என்று நினைக்காதீர்கள். ஒருவர் தவறாக நின்றதைப் பார்த்து மற்றவர்கள் சேர்ந்திருக்கலாம். திறந்த வெளியிலேயே ஜிபிஎஸ் மூன்று முதல் ஐந்து மீட்டர் வரை தள்ளிக் காட்டும். அடர்ந்த ஊசியிலைக் காட்டில் பத்தைத் தாண்டும். ஒளித்தவரின் கருவிப் பிழையும் உங்கள் கருவிப் பிழையும் கூடும். பத்து மீட்டர் என்று காட்டும்போதே கருவியைப் பையில் போட்டுவிட்டுக் கண்ணால் தேடுங்கள்: மிதிபட்ட புல், இயற்கையாக விழாத மாதிரி அடுக்கிய குச்சிகள், மற்றவற்றைவிடப் பளபளப்பான ஒரு போல்ட். முதலில் கண்டவர் சத்தம் போடாமல் நகர்ந்து நின்று, எல்லோரும் கண்ட பிறகு எடுப்பது நல்ல வழக்கம். ஆனால் பின்னால் வரிசை நீண்டிருந்தால் அந்த விளையாட்டு வேண்டாம்.

சில ஏற்பாட்டாளர்கள் புதுக் கேச்சுகளை முந்தின இரவோ அன்று காலையோதான் வெளியிடுவார்கள். அதற்குத் தனியாக, கடைசி 7 நாட்களில் வந்தவை மட்டும் என்று ஒரு சின்னக் குவரி அமைத்து, காலை காபிக்கு முன் ஓடவிடுங்கள். நிகழ்ச்சியின் நினைவு நாணயம், டி-ஷர்ட், சாப்பாடு எல்லாவற்றுக்கும் முன்பதிவுக் கெடு இருக்கும். கெடு போனால் திடலில் மிச்சம் கிடைப்பது பெரும்பாலும் பெரிய அளவுச் சட்டைகள்தான். வருவதாக இருந்தால் 'வருகிறேன்' பதிவை சீக்கிரம் போடுங்கள்: மெகா தகுதிக்கும் கழிப்பறை எண்ணிக்கைக்கும் ஏற்பாட்டாளர் அதைத்தான் பார்க்கிறார். வெள்ளி மாலைச் சந்திப்பும் ஞாயிறு காலை குப்பை பொறுக்கும் 'சிட்டோ'வும் தனித்தனிப் பதிவுகள். கழுத்தட்டையில் விளையாட்டுப் பெயரைப் பெரிதாக எழுதுங்கள்; சொந்தப் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது.

டிராக்கபிள்களை, அதாவது கேச் விட்டுக் கேச் கைமாறிப் பயணிக்கும் குறியீட்டுப் பொருள்களைக் காட்டும் மேசையில் ஒரு கவனம். பொருளின் மேல் பொறித்திருக்கும் ரகசியக் குறியீடு வேறு, தளத்தில் எல்லோருக்கும் தெரியும் டிபி எண் வேறு. ரகசியக் குறியீட்டைப் படமெடுத்து வைத்துக்கொள்ளலாம், சமூக ஊடகத்தில் போடக்கூடாது. போட்டால் அந்தப் பொருளைப் பார்க்காதவர்களெல்லாம் பார்த்ததாகப் பதிவார்கள். ஒன்றை எடுத்துவந்தால் அதன் இலக்கு என்ன என்று பாருங்கள். மேற்கே போக விரும்பும் பொருளைக் கிழக்கே கொண்டுபோய்ப் பல மாதம் மேசை இழுப்பறையில் போடுவதற்குப் பதில் மேசையிலேயே விட்டுவிடலாம். வீடு திரும்பியதும் முதலில் டிராக்கபிள்களைப் பதியுங்கள், கேச்சுகள் பிறகு. அதை எடுத்தது யார் என்று உரிமையாளருக்குத் தெரியாமல் இருக்கும் ஒவ்வொரு நாளும் அது காணாமல்போன கணக்கில்தான் இருக்கும்.