எங்கட கழகம் எங்கட கையில

எந்த ரீம் எண்டு கேக்கிற ஆக்கள் ஆர்சனலோ லிவர்பூலோ எண்டுதான் எதிர்பாப்பினம். நான் ஏஎஃப்சி விம்பிள்டன், தென்மேற்கு லண்டனில இருக்கிற உதைபந்தாட்டக் கழகம். "அங்க டெனிஸ் எல்லோ?" எண்டுவினம்.

2002இல பழைய விம்பிள்டன் கழகத்தை ஏறத்தாழ 90 கிலோமீற்றர் தள்ளி மில்ற்றன் கீன்ஸுக்குக் கொண்டுபோக ஒரு ஆணைக்குழு அனுமதி குடுத்தது. சனம் விடேல்லை. விம்பிள்டன் கொமன் புல்வெளியில ஆட்டக்காரரைத் தெரிவு செய்து, இங்கிலாந்து உதைபந்தாட்டத்தின்ர ஒன்பதாம் தட்டில புதுக் கழகம் தொடங்கிச்சினம். ஒன்பது பருவத்தில ஐந்து தரம் மேல ஏறி, 2011இல நாலாம் தட்டான லீக் ரூவுக்கு வந்தாச்சு. இண்டைக்கும் பெரும்பங்கு ரசிகர்களின்ர அறக்கட்டளையிட்டத்தான் இருக்கு. 2020இல பழைய கழகம் விளையாடின பிளவ் லேனுக்குத் திரும்பேக்க, அரங்கு கட்டின காசில 50 லட்சம் பவுண்ஸுக்கு மேல ரசிகர்கள் கடன்பத்திரம் வாங்கிக் குடுத்தது. முதல் ஆட்டத்துக்கு கொரோனாவால ஒருத்தரும் உள்ள போகேலாமப் போனதை நினைச்சா இப்பவும் நெஞ்சு அடைக்குது.

2025 மே மாசம் வெம்பிளியில வால்சோல் கழகத்தை 1-0 எண்டு வெண்டு மூண்டாம் தட்டான லீக் வன்னுக்கு ஏறினதை எந்தக் கோடீஸ்வரக் கழகத்தின்ர கோப்பைக்கும் நான் மாத்த மாட்டன். ஊர்ச் சனத்தின்ர கழகத்தை ஊர்ச் சனமே வச்சிருக்க வேணும். இதில எனக்கு இரண்டாம் பேச்சில்லை.

சனிக்கிழமை பின்னேரம் மூண்டு மணி ஆட்டங்களை இங்க பிரித்தானியாவில ரீவியில நேரடியாப் போடுறேல்லை. சின்னக் கழகங்களுக்குச் சனம் வரவேணும் எண்டுதான் அந்த விதி. பக்கத்தில ரூட்டிங்கில இருக்கிற எங்கட ஆக்கள் கரட் லேன் றோட்டால அரங்குக்கு நடந்தே வரலாம். பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ.