பேனாக்கத்திக்கு இணங்கிய கல்

நாட்டிங்ஹாமில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை மருமகன் கேட்டார்: "மாமா, நியூட்டன் பிறந்த வீட்டைப் பார்த்துவிட்டு வருவோமா?" கிராந்தம் நகருக்குத் தெற்கே, கோல்ஸ்டர்வொர்த் ஊரை ஒட்டிய வூல்ஸ்தோர்ப் என்னும் சிற்றூர். வீட்டின் பெயரில் 'மேனர்' என்று இருந்ததால் ஜமீன் பங்களா ஒன்றை மனதில் கட்டிக்கொண்டு போனேன். அங்கே நின்றதோ ஒரு சம்சாரியின் கல்வீடு.

வந்தவர்கள் எல்லோரும் நேராக ஆப்பிள் மரத்தடிக்குப் போனார்கள். நான் சுவரிடம் போனேன். அப்பா கொத்தனார், நான் பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்த ஊருக்குப் போனாலும் முதலில் மூலைக்கல்லைத்தான் பார்ப்பேன். வீட்டில் இதற்காக நிறைய ஏச்சு வாங்கியிருக்கிறேன்.

சுவர் சுண்ணாம்புக்கல்லில் எழும்பியது. டைனோசர் காலத்துக் கடலடியில் படிந்த கல், அந்த வட்டாரத்து மண்ணைத் தோண்டினாலே கிடைக்கிறது. முகத்தில் ஒழுங்கற்ற கற்களை வரிசை பிடித்து அடுக்கியிருக்கிறார்கள். மூலைகளுக்கும் சன்னல் சட்டங்களுக்கும் மட்டும் செதுக்கிய கல். மரச்சட்டம் போட வேண்டிய இடத்தில் கல்லையே தூண்தூணாகச் செதுக்கி, சன்னலை இரண்டு மூன்று கண்களாகப் பிரித்திருக்கிறார்கள். நம் ஊர்க் கருங்கல்லில் இந்த வேலையைச் செய்யச் சொன்னால் கல்தச்சர் உளியை என் மேல் எறிவார். இந்தக் கல் அப்படியில்லை. வெட்டியெடுத்த புதிதில் உள்ளே ஈரம் இருக்கும்; மிருதுவாக வெட்டுப்படும். ஈரம் காயக் காயத்தான் இறுகும். ஆகவே ஈரம் வற்றும் முன்பே செதுக்கிவிடுவது அங்கத்திய வேலைக்காரர்களின் வழக்கம்.

கூரைக் கல்லுக்கு அந்தப் பக்கத்தில் இன்னொரு சூட்சுமம் உண்டு. கொலிவெஸ்டன் என்ற ஊரில் எடுக்கும் கல்லைப் பனிக்காலம் முழுக்க வெட்டவெளியில் போட்டு, காயாமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். ஊடே இறங்கிய நீர் உறைந்து விரிய, கல் ஏடு ஏடாகப் பிரிந்துகொள்ளும். பெரிய ஏடுகளைக் கூரையின் அடியிலும் சிறியவற்றை உச்சியிலும் பதிப்பார்கள். பிளக்கும் கூலி பனிக்கு.

வீடு பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. அதற்குச் சற்று முன்பிருந்தே இங்கிலாந்தின் ஓரளவு வசதியான உழவர்கள் மரத்தாலும் மண்ணாலும் ஆன பழைய வீடுகளை விட்டுக் கல்லுக்கு மாறத் தொடங்கியிருந்தார்கள். பழைய வீட்டில் நடுக்கூடத்தில் தரையிலேயே தீ எரியும். புகை கூரை வரை போக இடம் வேண்டும் என்பதால் மாடி போட முடியாது. புகைபோக்கியைச் சுவரோடு சேர்த்துக் கட்டியதும் கூடத்துக்கு மேல் தளம் வந்தது, தளத்தில் படுக்கையறை வந்தது. 1642 கிறிஸ்துமஸ் அன்று ஐசக் நியூட்டன் பிறந்தது அப்படிப்பட்ட மாடியறை ஒன்றில்தான்.

இந்தக் குடும்பத்தின் காசு ஆட்டுக்காசு. நியூட்டனின் தந்தை மகன் பிறக்கும் முன்பே, அதே ஆண்டு அக்டோபரில் இறந்துபோனார். அவருக்குத் தன் பெயரைக்கூட எழுதத் தெரியாது. ஆனால் சொத்துப் பட்டியலில் 234 செம்மறிகளும் 46 மாடுகளும் இருந்தன. மகனுக்கு மந்தை மேய்க்க வரவில்லை. பள்ளியிலிருந்து நிறுத்தித் தாய் பண்ணை வேலையில் விட்டபோது, 1659 அக்டோபரில் ஊர் மன்றம் நியூட்டனுக்கு அபராதம் போட்டது: ஆடுகள் நிலத்தைப் பாழாக்கியதற்கு 3 ஷில்லிங் 4 பென்ஸ், பன்றிகள் பயிரில் இறங்கியதற்கு ஒரு ஷில்லிங், வேலியைச் சரிசெய்யாததற்கு இன்னொரு ஷில்லிங். அவர் எழுதிய எல்லாவற்றையும்விட இந்த அபராதக் கணக்கு எனக்கு எளிதாகப் புரிகிறது.

1665இல் கொள்ளைநோய் பரவி, அவர் படித்த கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் மூடப்பட்டபோது திரும்பி வந்ததும் இதே வீட்டுக்குத்தான். அந்த ஆப்பிள் கதை எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன்.

சன்னல்களைப் பார்த்ததும் ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. பழைய ஆங்கிலேய வீடுகளில் சில சன்னல்களைக் கல் வைத்து அடைத்திருப்பதை அடிக்கடி பார்க்கலாம். 1696இல் வந்த சன்னல் வரியைத் தவிர்க்கச் செய்த ஏற்பாடு பல இடங்களில் அது. வரி 1851 வரை நீடித்தது. விளிம்பு சுரண்டப்பட்ட வெள்ளிக்காசுகளை மாற்றிப் புதுக்காசு அடிக்கும் செலவுக்காகவே அந்த வரியைப் போட்டார்கள். அதே 1696இல் அந்தக் காசடிப்பு வேலைக்கு லண்டன் நாணயச்சாலைக்குப் போனவர் யார் என்று நினைக்கிறீர்கள்? வெளிச்சத்தை முப்பட்டகத்தில் பிரித்துப் பார்த்த அதே நியூட்டன்.

உள்ளே, கீழ்க்கூடத்து அடுப்பருகே சுவரில் காற்றாலைப் படம் ஒன்று கீறப்பட்டிருக்கிறது. 2017இல்தான் கண்டுபிடித்தார்கள். விளக்கைப் பல கோணங்களில் வைத்துப் படமெடுத்து, அவற்றைக் கணினியில் சேர்த்தபோது கோடுகள் எழுந்து வந்தன. சிறுவன் நியூட்டனின் கைவேலையாக இருக்கலாம் என்கிறார்கள். அந்த வயதில் கிராந்தத்தில் கட்டிக்கொண்டிருந்த காற்றாலையைப் பார்த்து மாதிரி ஒன்று செய்தவர் ஆயிற்றே! நான் வெகுநேரம் குனிந்து பார்த்தேன். என் கண்ணுக்குச் சுவர் வெறும் சுவராகத்தான் தெரிந்தது. பக்கத்தில் நின்ற தன்னார்வலர் அம்மாள் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

திரும்பும் வழியில் கோல்ஸ்டர்வொர்த் தேவாலயத்தில் காரை நிறுத்தச் சொன்னேன். அங்கே ஒரு கல் இருக்கிறது: ஒன்பது வயதில் நியூட்டன் பேனாக்கத்தியால் செதுக்கிய சூரியக் கடிகாரம் என்று அதனோடு உள்ள வாசகம் சொல்கிறது. 1877இல் பதித்திருக்கிறார்கள். சிறுவனின் கத்திக்கும் இடம் கொடுக்கும் கல் அல்லவா, நம்பத்தான் தோன்றுகிறது. ஆனால் பதித்த கொத்தனாரை நான் மன்னிக்கப் போவதில்லை. சூரிய வெளிச்சம் படாத உட்சுவரில், அதுவும் தலைகீழாகப் பதித்திருக்கிறார். மருமகனிடம் காட்டினேன். கழுத்தைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "மணி என்ன மாமா?" என்றார்.