இரண்டு மதிப்பெண் கேள்வி

‘செறிவு அதிகரிக்கும்போது வினையின் வேகம் ஏன் அதிகரிக்கிறது?’ என்ற காலாண்டுத் தேர்வுக் கேள்விக்கு, ‘எல்லா வினையிலும் அதிகரிப்பதில்லை’ என்று தொடங்கியிருந்த ஒரு மாணவியின் விடைக்கு நான் சுழியம் போட்டேன். துகள்கள் நெருங்குவதால் மோதல்கள் பெருகுகின்றன என்னும் மோதல் கொள்கைதான் விடைக்குறிப்பில் இருந்தது. அவள் அதை எழுதவில்லை. எழுதியதில் பொய்யும் இல்லை. ஏனென்றால் அது எங்கள் ஆய்வகத்தில், என் கண்முன் நடந்தது.

சோடியம் தயோசல்பேட்டுக் கரைசலில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றினால் கந்தகம் பிரிந்து கரைசல் பால்போலக் கலங்கும். கூம்புக் குடுவைக்கு அடியில் தாளில் போட்டுவைத்த பெருக்கல் குறி எவ்வளவு நேரத்தில் மறைகிறது என்பதைக் கொண்டு வேகத்தை அளப்போம். தயோசல்பேட்டைப் பாதியாக்கி, குறைத்த அளவுக்குத் தண்ணீர் சேர்த்து, மொத்தக் கன அளவை மாற்றாமல் செய்தபோது நேரம் ஏறக்குறைய இரு மடங்கானது. அதுவரை எல்லாம் புத்தகத்தின்படி நடந்தது. கந்தக டை ஆக்சைடு நெடியில் இருமிக்கொண்டே அந்தப் பெண், “ஆசிட்டையும் அப்படிக் கூட்டிப் பார்ப்பமா ஸார்?” என்றாள். அமிலத்தை இரு மடங்காக்கினோம். குறி கிட்டத்தட்ட முன்பு எடுத்த நேரத்தையே எடுத்துக்கொண்டு மறைந்தது.

சமன்பாட்டில் ஒரு தயோசல்பேட்டுக்கு இரண்டு ஹைட்ரோகுளோரிக் அமிலம் நிற்கிறது. பார்ப்பவருக்கு அமிலமே பெரிய ஆள் என்று தோன்றும். ஆனால் அமிலம் தேவைக்கு மிஞ்சி இருக்கும்போது வேகத்தைத் தீர்மானிப்பதில் அதற்குப் பங்கு மிகக் குறைவு. வினைவகையை, அதாவது எந்தப் பொருளின் செறிவு வேகத்தை எவ்வளவு மாற்றும் என்பதை, சமன்பாட்டிலிருந்து எடுக்க முடியாது, சோதனையால்தான் அறிய வேண்டும் என்று நானே கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்தேன்.

விடைத்தாளோடு வந்தவள், “நம்ம பார்த்தோம்லா ஸார், பெறகு ஏன் மார்க் போடல?” என்று கேட்டாள். “பார்த்தது சரிம்மா. கேள்வி ‘ஏன்’னு கேட்குது, நீ ‘இல்லை’ன்னு எழுதியிருக்க” என்றேன். “அப்பம் கேள்வியே சரியில்லன்னா என்ன எழுதணும் ஸார்?” என்றாள். மணி அடித்துவிட்டது. அடிக்காமல் இருந்திருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை.

நான் செய்தது நியாயம் என்றுதான் பல நாள் நினைக்கிறேன். பொதுத்தேர்வில் அவள் தாளைத் திருத்தப்போகிறவர் எங்கள் ஆய்வகத்துக்கு வந்தவர் அல்லர். அங்கே பறிபோவதைவிட இங்கே பறிபோவது நல்லது. மேலும், அந்தக் கேள்வி முழுப் பொய்யுமன்று. தாழையூத்துச் சுண்ணாம்புக்கல் துண்டில் மிக நீர்த்த அமிலத்தை விட்டால் குமிழிகள் ஒன்றிரண்டாக எழும்பும். செறிவைக் கூட்டினால் நுரைத்துப் பொங்கும். மக்னீசிய நாடாவும் அப்படித்தான். எப்போதும் நடப்பதைக் கற்றுக்கொண்ட பிறகல்லவா விதிவிலக்குக்குப் போக வேண்டும்?

இப்படிச் சொல்லி முடிக்கும்போதே தூத்துக்குடிச் சாலையில் போகும் கந்தக அமில லாரி நினைவுக்கு வந்து என் வாதத்தைக் கெடுத்துவிடுகிறது. நீர்த்த கந்தக அமிலம் இரும்பை அரித்துத் தின்னும். 98 விழுக்காட்டு அமிலத்தையோ எஃகுத் தொட்டியிலேயே ஏற்றிச் செல்கிறார்கள், இரும்பின் மேல் படியும் சல்பேட்டுப் படலம் மேற்கொண்டு அரிக்கவிடாமல் தடுப்பதால். விதிவிலக்கு என்று நான் ஒதுக்குவது ஒரு தொழிலே நம்பி நடக்கும் உண்மையாக இருக்கிறது. ஒரு மதிப்பெண்ணாவது போட்டிருக்கலாம். போட்டிருந்தால், மோதல் கொள்கையை ஒழுங்காக எழுதிய மற்றப் பிள்ளைகள் வந்து கேட்டிருப்பார்கள். அவர்களுக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

அமிலத்தை மாற்றிப் பார்க்கும் பகுதியைப் பொதுத்தேர்வு முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாமே என்று உடன் பணிபுரியும் ஆசிரியை சொல்கிறார். அதன் பிறகு பிள்ளைகள் பள்ளிக்கு வரமாட்டார்கள் என்பது அவருக்கும் தெரியும். நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் இந்த ஆண்டு தயோசல்பேட்டை மட்டும் மாற்றிக் காட்டிவிட்டு நிறுத்திக்கொண்டேன், யாரும் கேட்கவுமில்லை.