சுறாவுக்குப் பின்னால் திகில் இசை வேண்டாம்

சுறாவைப் பற்றிய ஆவணப்படம் என்றால் முதலில் நான் கவனிப்பது பின்னணி இசையைத்தான். சும்மா நீந்திப் போகிற மீனுக்கு எதற்குத் திகில் இசை? இன்னும் கோபம் வருவது, இரையைக் கொட்டி வெறியேற்றி, வாயைப் பிளக்கும்போது படம் பிடித்து, 'இதுதான் சுறா' என்று காட்டும்போது.

கனடாவின் ஆவணப்பட இயக்குநர் ராப் ஸ்டூவர்ட் அப்படிச் செய்யவில்லை. 2006இல் வந்த 'ஷார்க்வாட்டர்' படத்தில் கூண்டில்லாமல் சுறாக்களோடு நீந்தினார். அப்புறம் துடுப்பு வேட்டையையும் காட்டினார். துடுப்பை மட்டும் அறுத்துக்கொண்டு, உயிரோடு இருக்கும் உடலைக் கடலில் தள்ளிவிடுகிறார்கள். அதனால் நீந்த முடியாது. நீந்தினால்தான் பல சுறா இனங்களுக்குச் செவுளில் தண்ணீர் ஓடும், மூச்சு கிடைக்கும். அப்படியே மூழ்கி மூச்சுத் திணறிச் சாகும். பார்க்கவே முடியாத காட்சிதான், ஆனாலும் அதை வெட்டாமல் வைத்தது சரி என்றே நினைக்கிறேன்.

அடுத்த படத்துக்காக 2017 ஜனவரியில் ஃபுளோரிடா கடலில் மூழ்கியவர் உயிரோடு திரும்பவில்லை. வயது 37. 2019இல் கனடா சுறாத் துடுப்பு இறக்குமதி, ஏற்றுமதி இரண்டையும் தடை செய்தது. அவர் அதைப் பார்த்திருக்க வேண்டும்.

கேமராவோடு கடலில் இறங்கும் நண்பர்களே, தயவுசெய்து இரை கொட்டாமல் காத்திருந்து எடுங்கள்.