வெற்றுக்கட்டம் வேறு, பூஜ்யம் வேறு: ஆர் மொழியில் மழைக் கணக்கை மாற்றி அடுக்குவது

செட்டிநாட்டுக் கண்மாயும் ஊருணியும் நிறைவது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மழையில்தான். அந்த மழைக் கணக்கை எக்செல்லில் எழுதும்போது வழக்கமான அமைப்பு இது: முதலில் ஊர், அடுத்து ஆண்டு, பிறகு ஜனவரி முதல் டிசம்பர் வரை 12 நிரல்கள் (மேலிருந்து கீழாக வரும் பத்திகள்), கடைசியில் மொத்தம். கண்ணால் படிக்க இது நல்ல அமைப்பு. ஆனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மட்டும் பிரித்துக் கூட்டவோ, மாதவாரியாக வரைபடம் போடவோ, புள்ளிவிவரக் கணக்குக்கான கணினி மொழியான ஆருக்கு இது தோதுப்படாது. மாதம் என்ற ஒரே செய்தி 12 தலைப்புகளில் சிதறிக் கிடக்கிறது. அதை ஒரே நிரலில் இறக்கிவிட வேண்டும்.

ஆரில் தரவை ஒழுங்குபடுத்த உதவும் டைடிஆர் தொகுப்பில் இதற்கான செயற்கூறு பிவட்_லாங்கர். 2019-இல் 1.0.0 பதிப்போடு வந்தது. இதே வகை வேலைக்கு முன்பு இருந்த கேதர், ஸ்ப்ரெட் என்ற செயற்கூறுகள் இரண்டும் இன்னும் ஓடும். புதிதாகக் கற்பவர்கள் அவற்றில் நேரம் செலவிட வேண்டாம். பெரிய கோப்பு என்றால் டேட்டா.டேபிள் தொகுப்பின் மெல்ட், டிகாஸ்ட் வேகமானவை.

எந்த நிரல்களை இறக்குவது என்று சொல்லும்போது ஜனவரி:டிசம்பர் என்று பெயர் சொல்லியே எழுதுங்கள். ஊரையும் ஆண்டையும் மட்டும் மைனஸ் போட்டு விலக்கினால், ‘மொத்தம்’ 13-ஆவது மாதமாக உள்ளே வந்துவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது. ஆண்டுக் கூட்டல் மட்டும் சரியாக இரண்டு மடங்காக நிற்கும். தலைப்புகள் போய்ச் சேரும் நிரலைக் குறிக்கும் நேம்ஸ்_டூ-வுக்கு மாதம், அளவுகள் சேரும் நிரலைக் குறிக்கும் வேல்யூஸ்_டூ-வுக்கு மழை என்று பெயர் கொடுத்தால் போதும்.

இறக்கியதும் எண்ணிப் பாருங்கள். காரைக்குடி, தேவகோட்டை, கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான், ஆத்தங்குடி என 6 ஊர்கள், 3 ஆண்டுகள் என்றால் 18 நிரைகள் (கிடைவரிசைகள்); இறக்கியபின் 18 × 12 = 216 இருக்க வேண்டும். மழையின் கூட்டுத்தொகையும் முன்னும் பின்னும் ஒன்றாக இருக்க வேண்டும். அமைப்பை மாற்றுவதால் ஒரு மில்லிமீட்டர்கூடக் கூடவோ குறையவோ கூடாது. இந்த இரண்டு சோதனையையும் ஒவ்வொரு முறையும் செய்வதை நான் வற்புறுத்திச் சொல்வேன்.

ஓடும்போதே நின்றுவிடும் பிழை ஒன்று உண்டு: எண் நிரலையும் எழுத்து நிரலையும் சேர்க்க முடியாது என்று சொல்லும். எங்கோ ஒரு கட்டத்தில் ‘-’ அல்லது ‘இல்லை’ என்று எழுதியிருப்பார்கள். அந்த மாதம் முழுவதும் எழுத்தாகிவிடும். பிவட்_லாங்கரின் வேல்யூஸ்_டிரான்ஸ்ஃபார்ம் வழியாக எல்லாவற்றையும் எழுத்தாக்கி இறக்கி, பிறகு எண்ணாக்கலாம். ஆனால் அதற்கு முன்னால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ‘இல்லை’ என்றால் மழை இல்லையா, அளவெடுக்கவில்லையா? முதலாவது என்றால் 0. இரண்டாவது என்றால் என்ஏ, அதாவது ‘அளவு கிடைக்கவில்லை’ என்பதற்கு ஆர் வைத்திருக்கும் குறி. இதை எழுதியவரிடம்தான் கேட்க வேண்டும், கணினி சொல்லாது.

இந்த வேறுபாடு பிழைத்துக் கிடப்பதும் தொலைவதும் இரண்டு இடங்களில். பிவட்_லாங்கரில் வேல்யூஸ்_டிராப்_என்ஏ-வை ட்ரூ (ஆம்) என்று வைத்தால் வெற்றுக்கட்டங்கள் எல்லாம் நிரையோடு போய்விடும். எந்த மாதம் விடுபட்டது என்ற தடமே இருக்காது. மழைக் கணக்கில் அதைச் செய்யாதீர்கள். அடுத்தது கூட்டும்போது. என்ஏ-வைத் தவிர்த்துக் கூட்டச் சொன்னால், நவம்பர் அளவு இல்லாத ஊர் வறட்சி கண்ட ஊர் போலத் தெரியும். ஆகவே கூட்டுத்தொகைக்குப் பக்கத்திலேயே, அளவு உள்ள மாதங்கள் எத்தனை என்று இன்னொரு நிரல் போடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரையான பருவமழைக்கு அது 3 ஆக இல்லாவிட்டால் அந்த ஊரின் கூட்டுத்தொகையை ஒப்பிட எடுக்கக் கூடாது.

தலைப்பிலும் சிக்கல் வரும். மாதத்தை எக்செல்லில் தேதியாக அடித்திருந்தால், எக்செல் கோப்பை ஆருக்குள் படிக்கும் ரீட்எக்செல் தொகுப்பு அதை 45200 என்பது போன்ற எண்ணாகக் கொண்டுவரும். அது 2023 அக்டோபர் 1. எண்ணாக்கி, தொடக்கத் தேதியாக 1899-12-30 கொடுத்தால் தேதி திரும்பக் கிடைக்கும். மாதப் பெயர் எழுத்தாகவே இருந்தால் வரைபடம் அக்டோபர், ஆகஸ்ட், ஏப்ரல் என்று அகரவரிசையில் நிற்கும். அதை ஃபேக்டர் (வரிசை குறிக்கப்பட்ட வகைப் பட்டியல்) ஆக்கி வரிசையை நீங்களே கொடுக்க வேண்டும். ஊர்ப் பெயரை இணைத்த கட்டத்தில் ஒருமுறை மட்டும் எழுதியிருந்தால், இறக்கும் முன்பே ஃபில் என்ற செயற்கூறு கொண்டு கீழே நிரப்பிவிடுங்கள்.

தமிழில் வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் வரும் தொல்லை ஒன்று. தேவகோட்டை, கோட்டையூர் இரண்டிலும் ‘கோ’ இருக்கிறது. அந்த ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம். ஏகாரக் கொம்பு, கால் என இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆர் மொழிக்கோ அவை இரண்டு வேறு ஊர்கள். ஊர்களை எண்ணும்போது 6-க்குப் பதில் 7 அல்லது 8 வந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். ஸ்ட்ரிங்ஐ தொகுப்பின் ஸ்ட்ரி_டிரான்ஸ்_என்எஃப்சி எல்லாவற்றையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும். பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் இடைவெளியையும் அப்போதே வெட்டிவிடலாம்.

மழையோடு மழைநாள் எண்ணிக்கையும் இருக்கும் அட்டவணையில் தலைப்பு மழை_அக்டோபர், நாள்_அக்டோபர் என்று இருக்கும். இந்திய வானிலைத் துறைக் கணக்கில் 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்தால்தான் மழைநாள். மில்லிமீட்டரையும் நாளையும் ஒரே நிரலில் கொட்டக் கூடாது. நேம்ஸ்_டூ-வில் முதல் பெயராக .வேல்யூ, இரண்டாவதாக மாதம் என்று கொடுத்து, அடிக்கோட்டில் பிரிக்கச் சொன்னால் மழை, நாள் என இரண்டு நிரல்கள் தனித்தனியே கிடைக்கும்.

அறிக்கைக்காக மீண்டும் அகல அமைப்புக்குப் போக பிவட்_வைடர். மதிப்புகள் தனித்து அடையாளம் காணப்படவில்லை என்று எச்சரித்துக் கட்டங்களைப் பட்டியலாக்கினால், ஒரே ஊர், ஆண்டு, மாதத்துக்கு இரண்டு நிரைகள் இருக்கின்றன. கவுன்ட் போட்டு 1-க்கு மேல் உள்ளவற்றை எடுத்துப் பாருங்கள். ஒரே அளவை இருமுறை அடித்திருந்தால், கூட்டிச் சரிசெய்வது தவறு. எச்சரிக்கையே இல்லாமல் ஓர் ஊர் பல நிரைகளாகப் படிக்கட்டுப் போலச் சிதறி, இடையில் என்ஏ நிறைந்திருந்தால், ‘குறிப்பு’ போன்ற உபரி நிரல் ஒன்று கூடவே வந்திருக்கிறது. நிரையை அடையாளம் காட்டும் நிரல்களைக் கேட்கும் ஐடி_கால்ஸ்-இல் ஊர், ஆண்டு மட்டும் கொடுங்கள். நிரை இல்லாத கட்டங்களை நிரப்பும் வேல்யூஸ்_ஃபில்-க்கு 0 கொடுக்க வேண்டாம். அளவெடுக்காததால் நிரையே இல்லாத மாதம் அறிக்கையில் மழை பெய்யாத மாதமாக அச்சாகிவிடும்.