துணை மேயர் ஸ்னோ ஒயிட்

ஃபேபிள்ஸ் காமிக்ஸ் படித்தவர்களில் பெரும்பாலோர் ஓநாய்க் கட்சி. கசங்கிய கோட்டும் வாயில் சிகரெட்டுமாக மனித உருவில் அலைந்து துப்பறிகிற ஷெரீப் பிக்பிதான் அந்த ஓநாய். மூன்று பன்றிக்குட்டிகளின் வீட்டை ஊதித் தள்ளிய அதே பேர்வழி. என் மகனும் அவனுடைய ரசிகன். பெங்களூரில் வேலை கிடைத்துப் போகும்போது அலமாரி நிறைய இந்தப் புத்தகங்களை என் தலையில் கட்டிவிட்டுப் போனான். தூசி தட்டப் போய் ஒன்றை எடுத்துப் புரட்டினேன். அன்று இரவு சமையல் இல்லை, ஓட்டல் பரோட்டாதான்.

எனக்குப் பிடித்தவள் ஸ்னோ ஒயிட். ஏழு குள்ளர்களோடு பாட்டுப் பாடுகிற ஸ்னோ ஒயிட் இல்லை. இந்தத் தொடரில் குள்ளர்கள் பேச்சை எடுத்தாலே அவள் முகம் மாறிவிடும், யாரும் எடுப்பதில்லை. இவள் நியூயார்க்கில் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து, வருகிற ஒவ்வொருவரிடமும் "அதற்கு வழியில்லை" என்று சொல்லிக்கொண்டிருக்கிற துணை மேயர். நான் ஒரு நகராட்சியில் கண்காணிப்பாளராக இருக்கிறேன். சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: பில் வில்லிங்ஹாம் எழுதி, அமெரிக்கக் காமிக்ஸ் நிறுவனமான டிசியின் வெர்டிகோ பிரிவில் 2002இல் தொடங்கிய தொடர் இது. தேவதைக் கதைகளில் வருகிறவர்கள் எல்லாரும் தங்கள் தங்கள் உலகங்களில் நிஜமாகவே வாழ்ந்தவர்கள். 'எதிரி' என்று மட்டுமே அழைக்கப்படுகிற ஒருவன் படையோடு வந்து அந்த உலகங்களை ஒவ்வொன்றாகப் பிடிக்கிறான். தப்பியவர்கள் நம் உலகத்துக்கு ஓடிவந்து, பல நூற்றாண்டுகளாக நியூயார்க்கின் மன்ஹாட்டன் பகுதியில், புல்ஃபிஞ்ச் தெரு என்ற சின்னத் தெருவில் ஒளிந்து வாழ்கிறார்கள். ஊரின் பெயர் ஃபேபிள்டவுன். மேயர் கிங் கோல், விருந்துக்கும் கைகுலுக்கலுக்கும் மட்டும். வேலை எல்லாம் துணை மேயருடையது. (இதற்கு மேல் நான் எதுவும் சொல்லப் போவதில்லை. ஓய்வுபெற இன்னும் காலம் இருக்கிறது.)

பெரியவர்களுக்கான தேவதைக் கதை என்றதும் ரத்தமும் படுக்கையறையும்தான் என்று நினைத்திருந்தேன். அவை இருக்கின்றன, குழந்தைகள் கையில் கொடுத்துவிடாதீர்கள். முதல் கதையே ஸ்னோ ஒயிட்டின் தங்கை ரோஸ் ரெட்டின் வீடு முழுக்க ரத்தம் தெறித்துக் கிடப்பதில்தான் ஆரம்பிக்கிறது. கொலையா, யார் செய்தது என்று பிக்பி விசாரிக்கிறான். நல்ல துப்பறியும் கதை, ஆனால் நான் அதில் மயங்கவில்லை. முதல் இதழிலேயே வேறொரு காட்சி வருகிறது. பியூட்டியும் பீஸ்ட்டும் துணை மேயரிடம் புகாரோடு வந்து நிற்கிறார்கள். கல்யாணமாகிப் பல நூறு வருடமாகிவிட்டது. பியூட்டி கோபப்பட்டால் புருஷனுக்குக் கொம்பும் கோரைப்பல்லும் முளைத்துவிடும், சமாதானமானால் மனித முகம் திரும்பும். சாபத்தின் கணக்கு அப்படி. வீட்டில் சண்டை, அதனால் கொம்பு. நீங்கள்தான் ஏதாவது செய்யவேண்டும் என்கிறார்கள். புருஷன் பெண்டாட்டி தகராறைத் தீர்ப்பது நிர்வாகத்தின் வேலையில்லை என்கிறாள் ஸ்னோ. ஆனால் மனித உருவத்தில் இருக்க முடியாவிட்டால் பண்ணைக்குத்தான் போகவேண்டும் என்றும் கறாராகச் சொல்லி அனுப்புகிறாள்.

அந்தப் பண்ணைதான் இந்தத் தொடரின் உயிர் என்று நினைக்கிறேன். ஃபேபிள்டவுன்காரர்கள் யார் என்பது சாதாரண மனிதர்களுக்குத் தெரியக்கூடாது. ஆகவே மனிதராகத் தெரிகிறவர்களுக்கு மட்டும் நகரத்தில் இடம். பேசுகிற பன்றி, கரடி, டிராகன், அரக்கர் எல்லாரும் நியூயார்க் மாநிலத்தின் வடக்கே ஒரு பண்ணையில் அடைபட வேண்டும். சூனியக்காரிகளிடம் காசு கொடுத்து உருமாற்ற மந்திரம் வாங்கிக்கொண்டால் நகரத்தில் தங்கலாம், அந்த விலை எல்லாருக்கும் கட்டாது. வேலி மந்திரத்தாலானது, உணவுக்குக் குறையில்லை, காற்றோட்டமான இடம். ஆனாலும் வெளியே போகக்கூடாது. அதற்கு என்ன பெயர் என்பது உள்ளே இருக்கிறவர்களுக்குத் தெரியாதா? எல்லாரும் ஒரே எதிரிக்குப் பயந்து ஓடிவந்தவர்கள். அதில் ஒரு பகுதிக்கு மட்டும் இரண்டாவது அகதி வாழ்க்கை.

இதழ்களைச் சேர்த்துப் புத்தகமாகப் போட்ட தொகுப்புகளில் இரண்டாவதில் அந்தப் பண்ணையில் புரட்சி வெடிக்கிறது. தலைமை தாங்குவது பன்றிகளும், தோளில் துப்பாக்கியோடு திரிகிற கோல்டிலாக்ஸும். கரடி வீட்டுக் கஞ்சியைக் குடித்த அதே சின்னப் பெண்தான். ஆய்வுக்குப் போன ஸ்னோ ஒயிட் நடுவில் மாட்டிக்கொண்டு தலையில் குண்டடி படுகிறாள். பிழைத்துக்கொள்கிறாள். மனிதர்கள் எந்தப் பாத்திரத்தின் கதையை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்களோ அந்தப் பாத்திரம் லேசில் சாகாது என்பது தொடரில் அடிக்கடி பேசப்படுகிற நம்பிக்கை. ஸ்னோ ஒயிட்டை மறக்க யாரால் முடியும்? புரட்சி அடக்கப்படுகிறது, பன்றிகளின் தலை வாங்கப்படுகிறது. அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது என்பதை வில்லிங்ஹாம் மறைக்கவில்லை, அவர்கள் செய்ததில் அநியாயம் இருந்தது என்பதையும் மறைக்கவில்லை. அதன் பிறகு பண்ணைப் பொறுப்பை ரோஸ் ரெட் ஏற்கிறாள். அக்காவை விட நன்றாகவே நடத்துகிறாள், அது அக்காவுக்குப் பிடிக்கவும் இல்லை.

இந்தத் தொகுப்பில்தான் மார்க் பக்கிங்ஹாம் ஓவியராக வந்து சேர்கிறார். முதல் கதைக்கு வரைந்தவர் பிலிப்பைன்ஸைச் சேர்ந்த லான் மெடினா. அவருடையதும் அழகுதான், ஆனால் பக்கிங்ஹாம் வந்த பிறகுதான் தொடருக்கு முகம் வந்தது. பக்கத்தின் ஓரங்களில் ஒரு கரை போடுவார், கதை நடக்கும் இடத்துக்குத் தகுந்தபடி கரையின் சித்திரம் மாறும். பட்டுச்சேலைக்கு முதலில் கரையைப் பார்க்கிற பழக்கத்தில் இதை நான் உடனே கவனித்தேன். பத்து வருடம் பிக்பியைக் கொண்டாடிய என் மகன் கவனித்ததே இல்லையாம். அட்டைப்படங்கள் முதல் 81 இதழ்களுக்கு ஜேம்ஸ் ஜீன். அதற்காகக் காமிக்ஸ் உலகின் பெரிய விருதான ஐஸ்னரை வருடா வருடம் அவரே வாங்கிக்கொண்டிருந்தார்.

எனக்கு மிகவும் பிடித்தது ஐந்தாவது தொகுப்பு. ரசிகர்கள் அதைப் பெரிதாகச் சொல்வதில்லை, சண்டை குறைவு என்பதால் இருக்கும். அதில் மேயர் தேர்தல் வருகிறது. கிங் கோலை எதிர்த்து பிரின்ஸ் சார்மிங் நிற்கிறான். ஸ்னோ ஒயிட்டை மணந்தவன், தூங்கும் அழகியை எழுப்பியவன், சிண்ட்ரெல்லாவின் செருப்பைத் தூக்கிக்கொண்டு அலைந்தவன் என்று எல்லாக் கதையிலும் வருகிற பெயரில்லாத இளவரசனை ஒரே ஆளாக்கி, மூன்று முறை விவாகரத்தானவன் ஆக்கிவிட்டார் வில்லிங்ஹாம். ஒரு வரி நகைச்சுவையாகப் போயிருக்க வேண்டியது. அவன் வாக்குறுதி என்ன தெரியுமா? பண்ணையில் இருக்கிற எல்லாருக்கும் உருமாற்ற மந்திரம், வேண்டியவர் நகரத்துக்கு வரலாம். பண்ணையின் ஓட்டு மொத்தமும் விழுகிறது, ஜெயிக்கிறான். நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது, அத்தனை பேருக்கும் மந்திரம் போட வழியே இல்லை என்று. ஏன் முன்பே விசாரிக்கவில்லை என்றால், யாரும் விசாரித்துவிட்டு வாக்குறுதி கொடுப்பதில்லை. துணை மேயராகப் பியூட்டியும் ஷெரீப்பாக பீஸ்ட்டும் வருகிறார்கள். வேலை எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து இருவரும் அரண்டுபோவது அபாரமான நகைச்சுவை. கோப்பு நகராது, மனுக்காரர் போகமாட்டார், புது மேயருக்கு எரிச்சல். எந்த ஊர் நிர்வாகத்திலும் காலடி வைத்தவர் யாரும் சிரிக்காமல் தாண்ட முடியாது.

சரி, ஸ்னோ ஒயிட் ஏன் பதவியில் இல்லை? அவளுக்குக் குழந்தைகள் பிறக்கின்றன, அப்பா பிக்பி. ஓநாயின் மகவுகள், வட காற்றின் பேரப்பிள்ளைகள் (பிக்பியின் அப்பா வட காற்று). உடம்பில் ரோமம், காற்றில் மிதக்கிறார்கள். மனித உருவம் இல்லை. மனித உருவம் இல்லாதவர் நகரத்தில் தங்கக்கூடாது. எத்தனையோ பேருக்கு அவள் படித்துக் காட்டிய விதி. விதிவிலக்கு கேட்கலாம், அவளுக்கு இல்லாத செல்வாக்கா? கேட்கவில்லை. குழந்தைகளோடு பண்ணைக்குப் போகிறாள். பிக்பியோ பண்ணைப் பக்கமே வரக்கூடாது என்று முன்பே தடை. அங்கே இருப்பவர்களின் சொந்தக்காரர்களில் பாதியை அவன்தானே தின்றிருக்கிறான். ஆக குடும்பம் இரண்டாகிறது. வில்லன் யாரும் செய்த சதியில்லை, விதியைப் போட்டவர்களே அதற்குக் கட்டுப்பட்டதுதான் காரணம். அழுது புலம்புகிற காட்சிகூட அதிகம் கிடையாது.

இந்த மாதிரி முடிவை நான் படித்த வேறு எந்த மாயக் கதையிலும் பார்த்ததில்லை. மாயக் கதைகளில் சட்டம் என்பது கதாநாயகன் மீறுவதற்காக வைக்கப்பட்டிருக்கும்.

குறையும் சொல்லவேண்டும். பாக்தாத்திலிருந்து சிந்துபாத் கூட்டம் வருகிற தொகுப்பில் அரேபியர்களைப் பற்றிய எழுத்து மேம்போக்கு, சில இடங்களில் எரிச்சல். ஐம்பதாவது இதழில் பிக்பி இஸ்ரேலை உதாரணம் காட்டிப் பேசுவது கதாபாத்திரத்தின் குரலாகவே இல்லை, ஆசிரியர் புகுந்து பேசுகிறார். எதிரியோடு நடக்கிற போர் 75ஆவது இதழில் முடிகிறது, 11ஆவது தொகுப்பு. அதோடு நிறுத்தியிருக்கலாம். 150 வரை, 2015 வரை இழுத்தார்கள், 2022இல் மறுபடி திறந்தார்கள். பிற்பாதியில் நல்ல பக்கங்கள் உண்டு, ஸ்னோ ஒயிட்டின் அலுவலக உதவியாளனாக இருந்த பாய் ப்ளூவின் சாவுக்கு நான் மூக்கைச் சிந்தியிருக்கிறேன். ஆனால் ஊர் நிர்வாகம் பின்னால் போய், புதுப்புது பூதங்கள் முன்னால் வந்துவிட்டன. காசு கொடுத்து வாங்குகிறவர்கள் 11 வரை வாங்கினால் போதும்.

அதற்குள் பத்தாவது தொகுப்பும் வந்துவிடும், தவற விடாதீர்கள். ஃப்ளைகேட்சர் என்று ஒரு துப்புரவுத் தொழிலாளி. ஒரு காலத்தில் தவளை இளவரசன். ஈ தின்கிற பழக்கம் விடவில்லை, அதற்காக பிக்பி தண்டனை போட்டுப் போட்டு அவனைக் கூட்டிப் பெருக்கவே வைத்திருப்பான். அதன் காரணம் தெரியும்போது பிக்பி மேல் எனக்கு முதல்முறையாக மரியாதை வந்தது. துடைப்பம் பிடித்த அந்த ஆள் இறந்தவர்களைக் கூட்டிக்கொண்டு எதிரியின் நாட்டுக்குள் நடந்து போகிறான். இதற்கு மேல் சொன்னால் என் மகன் சண்டைக்கு வருவான்.

எதிரி யார் என்பதையும் சொல்லமாட்டேன். ஆனால் யாராக இருந்திருக்க வேண்டியது என்பதைச் சொல்லலாம். வில்லிங்ஹாம் முதலில் நினைத்தது பீட்டர் பேனை. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போகிறவன், யோசித்துப் பார்த்தால் பொருத்தம்தான். ஆனால் அந்தக் கதையை எழுதிய ஜே.எம். பேரி 1929இல் அதன் உரிமையை லண்டனில் உள்ள கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனைக்குக் கொடுத்துவிட்டார். ஐரோப்பாவில் உரிமை அப்போது முடியவில்லை. வம்பு வேண்டாம் என்று, யாருக்கும் சொந்தமில்லாத இன்னொரு பழைய கதையிலிருந்து ஆளை எடுத்தார். இது நடந்து இருபது வருடம் கழித்து, 2023 செப்டம்பரில், டிசியோடு மனஸ்தாபம் முற்றி, ஃபேபிள்ஸை இனி யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று அவரே அறிவித்தார். அப்படியெல்லாம் இல்லை, உரிமை எங்களுடையது என்றது டிசி. ஊருக்குப் பொதுவான கதைகளை எடுத்துக் கட்டிய வீட்டுக்கு இப்போது பட்டா தகராறு.

போன தீபாவளிக்கு வந்திருந்தபோது மகன் இதே உலகத்தை வைத்து 2013இல் வந்த 'தி வுல்ஃப் அமங் அஸ்' என்ற வீடியோ விளையாட்டை விளையாடினான், நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். காமிக்ஸுக்கு முந்தைய கதை, 1986இல் நடக்கிறது. அதில் மிஸ்டர் டோட் என்று ஒரு தேரை. பிள்ளையோடு இருக்கிறான், உருமாற்ற மந்திரத்துக்குக் காசில்லை. அவனைப் போன்றவர்களுக்குக் கடன் கொடுத்தும் மலிவு மந்திரம் விற்றும் சம்பாதிக்கிற கும்பல்தான் வில்லன்கள். கடைசியில் ஸ்னோ ஒயிட் டோடைப் பண்ணைக்கு அனுப்பிவிடுகிறாள். "உங்க ஆளு பண்ண வேலையைப் பார்த்தீங்களாம்மா" என்றான் மகன். விதி விதிதான், அதில் அவள் மேல் தப்பில்லை என்றேன். ஆனால் வழிமுறை என்று ஒன்று இருக்கிறது. பிக்பி பலமுறை வாயால் எச்சரித்தான், எழுத்தில் ஒன்றும் இல்லை. முறைப்படி நோட்டீஸ் கொடுத்து, பதினைந்து நாள் அவகாசம் தந்து, பதில் வாங்கியிருக்க வேண்டும். டோட் மட்டும் கோர்ட்டுக்குப் போயிருந்தால் அந்த உத்தரவு நின்றிருக்காது.